கலவானைக் குன்றில் ஓர் உதைபந்தாட்டக் களம்

இரத்தினபுரி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவன மாணிக்கமும் நீலமுமே. அந்நகரிலிருந்து தெற்கு நோக்கி, மலைகளின் இடுக்கிலே வளைந்து வளைந்து செல்லும் பாதையில் நிவித்திகலையைக் கடந்து பிரயாணஞ் செய்வோர், வயல்களின் நடுவே ஓலைக் கூரையின் கீழ்க் கல் அகழுங் குழிகளைக் காண்பர். மேலும் அப்பாற் சென்றால் கலவான என்னும் சிறு நகரம் வரும். சிங்கராஜ வனத்தைப் பார்க்கச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் அங்கே இறங்கித் தேநீர் அருந்துவார்கள். பின்னர் வெத்தாகல வழியாகக் குடாவ என்ற வனவாயிலை நோக்கிப் போய்விடுவார்கள். 1988ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனத்தினால் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட அவ்வனத்தின் பெருமையைப் பலரும் எழுதிவிட்டனர். கல்லைப் பற்றியும் எழுதிவிட்டனர். இவ்விரண்டுக்கும் இடையிலே, தேயிலைச் சரிவுகளிலும் ரப்பர் மரநிழலிலும் வளரும் பிள்ளைகளைப் பற்றி எழுதியவர் சிலரே.

அப்பிள்ளைகளின் உதைபந்தாட்டத்தைப் பார்ப்பதற்காகவே நாம் கலவானைக்குப் போனோம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டித் தோட்டங்களுக்கிடையே நடைபெறவிருந்த பந்தயத்துக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருந்தன. பருவம் தொடங்குமுன் ஒரு கோஷ்டி எவ்வாறு உருவாகின்றது என்பதைக் காண விரும்பும் ரசிகனுக்கு இதனைவிட ஏற்ற காலம் வேறில்லை. கிண்ணத்தைக் கையில் ஏந்தி நிற்கும் வீரனைப் பார்த்துக் கைதட்டுவது எளிது. மாலை வேளையிலே, வேலை முடிந்த களைப்போடு, கிழிந்த சப்பாத்தைக் கயிற்றினாற் கட்டிக்கொண்டு ஓடும் பையனிடத்தில் நாளைய வீரனைக் காண்பதே ரசிகனுக்குச் சோதனை.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்கு வருகின்ற பாதையிலே ஒரு காலத்தில் ரயிலும் ஓடிற்று. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய இருப்புப் பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டியது; பின்னர் ஓப்பநாயக்க வரை நீண்டது. 1970களில் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட அப்பாதை கைவிடப்பட்டுவிட்டது. இன்று கலவானைக்குச் செல்வோர்க்குப் பஸ் வண்டியே துணை. வெளியிலிருந்து ஒருவர் வந்து ஆட்டத்தைப் பார்ப்பதும், இங்கிருந்து ஒரு பையன் வெளியூர் சென்று ஆடிவிட்டு இரவே வீடு திரும்புவதும் எவ்வளவு சிரமம் என்பது இப்பிரயாணத்தைச் செய்து பார்த்தவர்களுக்கே விளங்கும்.

நாம் சென்ற தோட்டத்தின் பெயர் இங்கே அவசியமில்லை. கலவானையைச் சுற்றிலும் அதனைப் போன்ற தோட்டங்கள் பல உண்டு. நுவரெலியாப் பகுதியில் மலைக்கு மலை தேயிலையே தெரிவதுபோல் இங்கில்லை. தாழ்ந்த நிலத்துத் தேயிலையும் ரப்பரும் கலந்திருக்கும். இடையிடையே சிங்களக் கிராமங்களும் வயல்களும் வரும். தமிழ்க் குடும்பங்கள் சிறு சிறு கூட்டங்களாகச் சிதறி வாழ்கின்றன. ஆகவே பதினொரு பேரைச் சேர்த்து ஒரு கோஷ்டி அமைப்பதே இங்கு ஒரு காரியந்தான்.

மைதானம் லயங்களுக்குக் கீழே இருக்கின்றது. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் ரப்பர் மரங்கள், கீழ்ப்பக்கம் ஓடை. சரிவை வெட்டிச் சமப்படுத்திய துண்டு நிலத்தின் இரு முனைகளிலும் மூங்கிற் கம்பங்கள் நாட்டப்பட்டிருந்தன. குறுக்குக் கம்பத்துக்குப் பதிலாக ஒரு கயிறு. நாம் எட்டு வைத்து அளந்து பார்த்தோம். நீளம் 65 எட்டு. அகலம் 35 எட்டு. உதைபந்தாட்ட விதிகளின்படி மைதானத்தின் நீளம் 90 முதல் 120 மீற்றர் வரையிலும், அகலம் 45 முதல் 90 மீற்றர் வரையிலும் இருக்கவேண்டும். கலவானைப் பிள்ளைகளுக்கு வாய்த்தது அதிற் பாதியே.

இந்த அளவை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். ஏனெனில், ஓர் இளம் ஆட்டக்காரனை எடைபோடுகிறவன் அவனுக்குக் கிடைத்த மைதானத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதுதான் நாம் இக்கட்டுரையிற் சொல்ல வந்த செய்தி.

சிறிய மைதானம் சிலவற்றைக் கொடுக்கும், சிலவற்றைப் பறிக்கும். 1930ஆம் ஆண்டில் உருகுவே நாட்டின் மொன்டேவிடேயோ நகரில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர், கூடைப்பந்துக் களத்தின் அளவுள்ள இடத்தில் ஆடத்தக்கதாக ஓர் உதைபந்தாட்டத்தை வகுத்தார். இன்று அது ஃபுட்சால் எனப்படுகின்றது. பிரேசில் நாட்டுப் பிள்ளைகள் பலர் அந்தச் சின்னக் களத்திலேதான் பந்தைக் காலோடு ஒட்டவைக்கப் பழகினர். இடம் குறைந்தால் எதிராளி எப்போதும் அருகிலே நிற்பான். பந்து வந்ததும் அடுத்ததை யோசித்து முடிக்க வேண்டும். கலவானையிலும் அதையே கண்டோம். பிள்ளைகளின் முதல் தொடுகை மிக நேர்த்தியானது. பயிற்சியை நடத்தும் இளைஞரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

“அது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க ஐயா. பந்து கீழே போச்சுன்னா ஓடைக்குத்தான் போகும். போய் எடுக்கிறவனை அட்டை கடிக்கும். அதனாலே எல்லாரும் பந்தைக் காலடியிலேயே வைச்சுப் பழகிட்டாங்க” என்றார்.

ஆனால் நாற்பது மீற்றர் தூரத்துக்கு ஒரு பந்தை அனுப்பிப் பழகியவர் அங்கே எவருமில்லை. பழகுவதற்கு இடமில்லை. அப்படிப்பட்டவனை நகரத்துப் பெரிய மைதானத்தில் நிறுத்தி, ‘இவனுக்கு நீண்ட உதை வராது’ என்று சொன்னால், அது பையனைப் பற்றிய அபிப்பிராயமாகாது. அவன் வளர்ந்த நிலத்தைப் பற்றிய அபிப்பிராயமேயாகும்.

நாம் இரண்டு மாலைகள் ஆட்டத்தைக் கண்டோம். முதல் நாள் பயிற்சி. மறுநாள் அயல் தோட்டத்தாரோடு ஒரு சிநேகப் பந்தயம். பருவத்துக்கு முந்திய ஆட்டத்தைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கலாகாது. அப்போது நடப்பது போட்டியன்று, தயாரிப்பு. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒரு வீரன் ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர் தூரம் நடந்தும் ஓடியும் கடக்கின்றான். அதற்கு வேண்டிய மூச்சும் காற்பலமும் சிறிது சிறிதாகவே ஏறும். அந்த வாரங்களிற் கால் கனக்கும், வேகம் குறையும், முந்திய நாள் கடுமையாக உழைத்தவனே இன்று மந்தமாகத் தோன்றுவான். ஆகவே பந்து எங்கே போயிற்று என்பதைவிட, அதை அனுப்புமுன் பையன் எங்கே பார்த்தான் என்பதே முக்கியம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம். ஓர் இளைஞனுக்கு ஓர் உதை பதமாகாது.

பருவத்துக்கு முந்திய வெற்றி தோல்விகளும் அப்படித்தான். இந்தியாவில் லீக் பருவத்துக்கு முன்னோடியாக ஆடப்படும் டூரண்ட் கிண்ணப் போட்டியில், 2023 ஆகஸ்ட் 12ஆம் திகதி கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கோஷ்டி தன் பரம வைரியாகிய மோகன் பகானை 1–0 என்று வென்றது. கோலை அடித்தவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். நகரமே திருவிழாக் கோலம் பூண்டது. மூன்று வாரங்களுக்குப் பின் இறுதிப் பந்தயத்தில் அதே மோகன் பகான் அதே ஈஸ்ட் பெங்காலை 1–0 என்று தோற்கடித்தது. 2023–24ஆம் பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கின் முதலிடத்தையும் பெற்றது. ஈஸ்ட் பெங்காலுக்குக் கிடைத்ததோ ஒன்பதாம் இடம். ஆகஸ்டு மாதத்து ஒரு மாலையை நம்பிப் பருவத்தையே எழுதி முடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்லவும் வேண்டுமோ?

இனி நாம் கண்ட பிள்ளைகளைப் பற்றி நம் அபிப்பிராயத்தைச் சொல்வோம். அவர்கள் இளம் பருவத்தினர். ஆகையாற் பெயர்களை விடுத்து ஆட்டத்தை மட்டுமே கூறுகின்றோம்.

எல்லோருடைய கைதட்டலையும் பெற்றவன் முன்வரிசையில் ஆடிய ஒரு பதினாறு வயதுப் பையன். நல்ல உயரம், அகன்ற தோள். அவன் உதைத்தால் பந்து கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விடும்போல் இருக்கும். சிநேகப் பந்தயத்தில் இரண்டு கோல்களும் அவனுடையவையே. ஆயினும் அவ்விரண்டும் வலக்காலால், ஒரே விதமாக, தன்னைவிடச் சிறியவர்களைத் தோளால் ஒதுக்கிவிட்டு அடித்தவை. இரண்டு பேர் சேர்ந்து வழிமறித்தபோது அவனிடம் இரண்டாவது யோசனை இருக்கவில்லை. இரண்டு வருடத்தில் மற்றவர்களும் வளர்ந்து அவன் உயரத்துக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் இடக்காலையும், தோழனுக்குப் பந்தைக் கொடுக்கும் குணத்தையும் பழகிக்கொண்டால் அவன் சிறந்த முன்னணி வீரனாவான்.

இடது ஓரத்தில் ஆடியவன் பதினான்கு வயதுச் சிறுவன். இரண்டு எதிராளிகளுக்கு இடையே ஒரு கை அகல இடமிருந்தால் போதும். பந்தோடு நுழைந்து வெளியே வந்துவிடுவான். ஆனால் தலையை நிமிர்த்துவதில்லை. மூன்று முறை தோழர்கள் தனித்து நின்று கூவியும் அவன் காணவில்லை. இது திறமைக் குறையன்று, பழக்கக் குறை. கரடுமுரடான தரையிற் பந்து எப்போது துள்ளுமோ என்று அஞ்சி, கண்ணைப் பந்திலேயே வைத்துப் பழகியிருக்கின்றான். சமதரையில் ஒரு வருடம் ஆடினால் தலை தானே நிமிரும்.

கோல் காப்பாளன் விடியற்காலையிலே தந்தையோடு ரப்பர் மலைக்குப் போய்ப் பால்வெட்டுக்கு உதவிவிட்டுப் பாடசாலைக்குச் செல்பவன். தாழ்ந்து வரும் பந்தை அவன் பிடிக்கும் நேர்த்தி, பெரிய கோஷ்டிகளிலும் அடிக்கடி காணக் கிடையாதது. ஆனால் உயர்ந்து வரும் பந்துக்குத் தடுமாறுகின்றான். காரணத்தைக் கண்டுபிடிக்க நெடுநேரம் ஆகவில்லை. விதிப்படி கோலின் உயரம் 8 அடி; அகலம் 24 அடி. இங்கே கயிறு கட்டியிருந்த உயரமோ நம் தலைக்குச் சற்று மேல். அதற்கு மேலே போகும் பந்து கோலாகாது. ஆகவே துள்ளிப் பிடிக்க வேண்டிய அவசியமே அப்பிள்ளைக்கு இதுவரை நேர்ந்ததில்லை.

நடுவரிசையில் ஆடியவன் அயற் கிராமத்துச் சிங்களப் பையன். தோட்டத்துப் பிள்ளைகளோடு ஓடையிற் குளித்து வளர்ந்தவன். ஒரே மூச்சிலே தமிழிலும் சிங்களத்திலுமாக, ‘பின்னாலே ஆள்’ என்றும் ‘திருப்பு’ என்றும் ஓயாமற் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். சிங்கராஜ வனத்திலே பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடிச் செல்லும். பறவை ஆராய்ச்சியாளர்கள் 1980களிலிருந்து அக்கூட்டங்களை இடையறாது கவனித்து வருகின்றனர். அவற்றில் கரிச்சான் குருவியே காவற்காரன். வல்லூறு வந்தால் அது எழுப்பும் ஒலியைக் கேட்டு எல்லா இனமும் பதுங்கும். இந்தப் பையன் கலவானைக் கோஷ்டியின் கரிச்சான். அவன் காலாட்டம் சாதாரணந்தான். ஆயினும் அவன் ஓய்வெடுத்த கால் மணி நேரத்தில் கோஷ்டி சிதறிப்போயிற்று.

கடைசியாக, பின்வரிசையின் நடுவில் நின்ற மெலிந்த பையன். அவனுக்கு யாரும் கைதட்டவில்லை. அவன் சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கவில்லை, மோதவில்லை, கத்தவுமில்லை. எதிராளி பந்தை அனுப்பும்போது மாத்திரம், அது போய்ச் சேரும் இடத்தில் அவன் முன்னதாகவே நின்றான். மறுநாள் பிற்பாதியில் மழை பிடித்துக்கொண்டது. கலவானையின் மழையை அறிந்தவர்களுக்கு அது எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. களம் சேறாயிற்று, பந்து பாதி வழியில் நின்றுபோயிற்று, பலமும் வேகமும் பயனற்றுப் போயின. அந்தச் சேற்றிலும் பந்து எங்கே நிற்கும் என்பதைக் கணித்து அங்கே போய் நின்றவன் அவன் ஒருவனே. ஒரு பிழையும் செய்தான்; அவன் தட்டிய பந்து எதிராளியின் காலுக்குப் போய்க் கோலாயிற்று. நாம் அவன் முகத்தைக் கவனித்தோம். தோழர்களைக் குறை கூறாமல் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடினான். அடுத்த பந்தை அதே துணிவோடு வாங்கினான். நாம் கண்ட பிள்ளைகளில் இவனையே முதலாவதாக வைப்போம்.

இங்கே பிறந்த மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இளையோர் போட்டிகளில் வயதுப் பிரிவு ஆண்டுக் கணக்கில் வகுக்கப்படுகின்றது. ஜனவரியிற் பிறந்தவனும் டிசெம்பரிற் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகின்றனர். பதின்மூன்று, பதினான்கு வயதிலே பதினொரு மாத வித்தியாசம் என்பது இரண்டு அங்குல உயரமாகவும், தோளின் பலமாகவும் வெளிப்படும். தெரிவு செய்வோர் அதனைத் திறமை என்று மயங்குவர். பல நாடுகளின் இளையோர் கோஷ்டிகளை ஆராய்ந்தவர்கள், ஆண்டின் முதல் மூன்று மாதங்களிற் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சியும், கடைசி மூன்று மாதங்களிற் பிறந்தவர்கள் மிகக் குறைந்தும் இடம்பெறுவதைக் கண்டிருக்கின்றனர். விசாரித்ததில், நம் பதினாறு வயது வீரன் ஜனவரியிலும், இடக்காற் சிறுவன் நவம்பரிலும் பிறந்தவர்கள் என்று தெரிந்தது.

பெரிய கழகங்களின் கண்களும் இவ்விஷயத்தில் ஏமாந்ததுண்டு. பிற்காலத்தில் இங்கிலாந்துக் கோஷ்டியின் தலைவரான ஹரி கேனைச் சிறுவயதிலே ஆர்சனல் கழகம் வேண்டாமென்று அனுப்பிவிட்டது. உயரம் போதாது என்று பதினாறு வயதில் விலக்கப்பட்ட ஜேமி வார்டி, 2016இல் லெஸ்டர் நகரக் கோஷ்டியோடு பிரீமியர் லீக் கிண்ணத்தை வென்றார். பிரான்ஸ் நாட்டுக் கழகங்கள் பல, மிகச் சிறியவன் என்று ஒதுக்கிய அந்துவான் கிரீஸ்மன், ஸ்பெயினுக்குப் போய்ப் பயின்று 2018இல் அதே பிரான்சுக்காக உலகக் கிண்ணத்தை வென்றுகொடுத்தார். ஆயினும் அவர்களுக்கு ஒரு வாயில் மூடியபோது தட்டுவதற்கு இன்னொரு வாயில் இருந்தது. கலவானைப் பையனுக்கு முதல் வாயிலே தூரத்தில் இருக்கின்றது.

இரத்தினபுரிச் சீமையே இதற்கு ஒரு பாடம் வைத்திருக்கின்றது. கெவுட என்று ஒரு வகைக் கல் உண்டு. பால்போல் மங்கியிருக்கும், விலை போகாது. கல் அகழ்வோர் அதனை ஒரு பொருட்டாக மதியாது ஒதுக்கிவிடுவார்கள். 1970களிலே தாய்லாந்து வியாபாரிகள் வந்து அம்மங்கற் கற்களை மலிந்த விலைக்கு வாங்கிச் சென்று, கடும் உஷ்ணத்தில் சூடேற்றினார்கள். கல் தெளிந்து நீலமாயிற்று. அந்த நீலம் வெளியிலிருந்து பூசப்பட்டதன்று. கல்லினுள்ளே இருந்த இரும்பும் டைட்டேனியமுமே உரிய வெப்பம் கிடைத்ததும் நிறமாக வெளிப்பட்டன. தலைமுறை தலைமுறையாகக் கல்லைக் கையில் ஏந்திப் பார்த்தவர்கள் வாழும் ஊரிலேயே இப்படி நேர்ந்ததென்றால், பிள்ளைகளைப் பார்த்து ஒரு மாலையிலே தீர்ப்புக் கூறும் நாம் எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும்!

திறமைக்கு உரிய வெப்பம் எது? தொடர்ச்சியான பயிற்சி, கவனிக்கும் ஆசான், ஆடுவதற்குப் பந்தயங்கள், போய்வர வழி. இவை கிடைத்த இடங்களில் நம்மவர் சோடை போனதில்லை. வடசென்னையின் வியாசர்பாடி வசதி படைத்த பகுதியன்று. எனினும் அங்கே மாலைதோறும் சிறுவரைக் கூட்டிப் பழக்கியோர் இருந்தனர். அங்கிருந்து புறப்பட்ட தனபால் கணேஷ் இந்தியன் சூப்பர் லீக்கில் சென்னைக் கோஷ்டிக்கு ஆடினார். கன்னியாகுமரி மாவட்டத்து மீனவக் கிராமமாகிய இரவிபுத்தன்துறையில் வளர்ந்த மைக்கேல் சூசைராஜ் 2018–19ஆம் பருவத்தில் ஜம்ஷெட்பூர் கோஷ்டியிற் பிரகாசித்தார். வேல்ஸ் நாட்டில் வளர்ந்த தமிழ் இளைஞர் விமல் யோகநாதன், 2024–25இல் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழக முதற் கோஷ்டியில் ஆடினார். நம் மலைநாட்டிலும் நாவலப்பிட்டியைச் சேர்ந்த அப்கன்ட்ரி லயன்ஸ் கழகம் 2021ஆம் ஆண்டின் இலங்கைச் சூப்பர் லீக்கில் இடம்பெற்றது. அங்கே ரயில் நிலையமும், விளையாட்டரங்கும், ஆட்டத்தைப் பழக்கும் மூத்தோர் கூட்டமும் உண்டு.

மூத்தோர் என்றதும் ஒரு பழைய வேதனை நினைவுக்கு வருகின்றது. தோட்டத்திலே உதைபந்தாட்டத்தை மாமன் மருமகனுக்கும், அண்ணன் தம்பிக்குமே கற்றுக்கொடுக்கின்றனர்; வேறு ஆசான் இல்லை. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தது. பின்னர் 1977இலும் 1981இலும் 1983இலும் வன்செயல்கள் வந்தன. இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் அவற்றின் கொடுமையை நன்கு அறிந்தவை. பலர் கப்பலேறினர், பலர் வடக்கே போயினர். அப்படி அறுந்த சங்கிலியின் கண்ணிகளை இன்றைய பிள்ளைகள் தாமே கோத்துக்கொண்டிருக்கின்றனர். அதே மைதானத்தில் கிராமத்துச் சிங்களப் பையனும் தோட்டத்துத் தமிழ்ப் பையனும் ஒரே கோஷ்டியில் நிற்பதைக் காணும்போது, அப்பந்துக்கு நாம் கொடுக்கும் மதிப்பு மேலும் உயர்கின்றது.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்லாது விட்டால் இக்கட்டுரை நிறைவு பெறாது. கோலுக்குப் பின்னே, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு சிறுமி நின்றாள். எல்லை தாண்டி வந்த பந்துகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினாள். பிள்ளையை இறக்காமலே, செருப்பணிந்த காலின் உட்பக்கத்தால், கேட்டவன் காலடிக்கு நேராக அனுப்பினாள். பதினொரு முறை கவனித்தோம், ஒன்றும் தவறவில்லை. ‘நீயும் ஆடுவாயா, அம்மா?’ என்று கேட்டோம். ‘எங்களுக்கு டீம் இல்லீங்களே மாமா’ என்றாள். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளிற் பலமுறை சம்பியன்களாயினர். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இலும் 2023இலும் இந்தியத் தேசியக் கிண்ணத்தை வென்றனர். அவர்களும் ஒருநாள் யாரோ ஒருவர் ‘நீயும் வா’ என்று அழைத்ததனாலேதான் களத்தில் இறங்கியிருப்பார்கள்.

நாம் என்ன செய்யலாம்? முதலாவதாக, கோட்டின் ஓரத்தில் நிற்கும் ரசிகர்கள் தம் நாவைக் காக்க வேண்டும். ‘இவன் உதவான்’ என்று உரக்கச் சொல்லும் ஒரு வார்த்தை, பதினான்கு வயதுப் பிள்ளையின் காலிலே விலங்கு பூட்டிவிடும். மூன்று முறையாவது பார்த்துவிட்டு, அதிலும் ஒருமுறை மழையிலும் ஒருமுறை பிற்பாதியிலும் பார்த்துவிட்டு, பிறகு வாய் திறக்கலாம்.

இரண்டாவதாக, மாணவர்கள் ஒரு கொப்பியை எடுத்துக்கொள்ளட்டும். தங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர், பிறந்த மாதம், ஆடும் இடம், காலையில் அவர்கள் செய்யும் வேலை, பிழை செய்த பின் அவர்கள் நடந்துகொள்ளும் விதம் என்பவற்றை எழுதி வைக்கட்டும். பாடசாலை விளையாட்டு ஆசிரியரிடமோ மாவட்ட லீக்கின் பொறுப்பாளரிடமோ அதைக் கொண்டுபோய்க் காட்டட்டும். தூரத்திலிருந்து வர இயலாதவர்களுக்கு அந்தக் கொப்பியே கண்ணாகும். இலங்கை 1952ஆம் ஆண்டு முதல் ஃபிஃபாவில் அங்கத்துவம் பெற்ற நாடு. ஆனால் உலகத் தரவரிசையில் இன்னும் கடைசிப் படிகளிலேயே நிற்கின்றது. எல்லா மூலைகளிலும் தேடாமல் அது எப்படி மேலேறும்?

மூன்றாவதாக, பெற்றோர்கள். பிள்ளை படிக்க வேண்டும் என்ற உங்கள் கவலை நியாயமானது. அதனை எவரும் மறுக்க இயலாது. லயத்தை விட்டு வெளியேறப் படிப்பே வழி என்பதை மூன்று தலைமுறை அனுபவம் உங்களுக்குக் காட்டியிருக்கின்றது. நாம் கேட்பது மாலையில் ஒரு மணி நேரம். கூடி ஆடவும், தோற்றுத் திரும்பி மறுநாள் மீண்டும் போகவும் பழகிய பிள்ளை, கணக்கில் ஒருமுறை தவறினாலும் புத்தகத்தை மூடிவிட மாட்டான்.

நகரத்திலே உத்தியோகம் பார்க்கும் தோட்டத்து அன்பர்கள் புத்தாண்டுக்கு ஊர் திரும்பும்போது, பெரிய நன்கொடைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல பந்து ஒன்றும், காற்றடிக்கும் பம்பு ஒன்றும் கொண்டு செல்லுங்கள். இவை கூட இயலாதவர்கள் செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. அதற்குச் சதக் காசும் செலவில்லை. இன்னும் சற்று உயரமான மூங்கில் இரண்டை வெட்டி நாட்டி, அந்தக் கயிற்றை அளந்து, எட்டடி உயரத்திற் கட்டிவிடுங்கள். கோல் காக்கும் பிள்ளை மறுநாளே துள்ளப் பழகுவான்.